21 டிகிரி

நேயர்களுக்கு வணக்கம்.

சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் ஃபினிஸ்டர் முனை இருக்கிறது. தெற்கேயிருந்து லண்டன், ஹாம்பர்க் என்று போகும் கப்பல்கள் அதைத் தாண்டித்தான் பிஸ்கே விரிகுடாவுக்குள் நுழையும். முதல் தடவை அந்தப் பக்கம் போனபோது, இரவு வாட்ச் முடிந்து காற்று வாங்க மேலே வந்தேன். எங்கள் சீஃப் ஆபீசர் இருட்டைக் காட்டி, "இங்கேதான் கேப்டன் போச்சு" என்றார். எந்த கேப்டன் என்று கேட்டேன். கப்பலின் பெயரே அதுதான் என்றார். அன்றிலிருந்து அந்தக் கப்பலைப் பற்றியும், அதை உருவாக்கி அதிலேயே போய் மறைந்த மனிதரைப் பற்றியும் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவர் பெயர் கௌப்பர் ஃபிப்ஸ் கோல்ஸ். 1819-இல் பிறந்தவர், ஒரு பாதிரியாரின் மகன். பதினொரு வயதிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்துவிட்டார். ரஷ்யாவோடு கிரிமியப் போர் வரும்வரை அவரைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

1855. அசோவ் கடல். ஆழமே இல்லாத கடல் அது. தகன்ரோக் நகரத்தின் ரஷ்யக் கிடங்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் பெரிய கப்பல்கள் அவ்வளவு பக்கத்தில் போனால் தரை தட்டிவிடும். கோல்ஸ் 29 காலிப் பீப்பாய்களை மரங்களோடு சேர்த்துக் கட்டி ஒரு மிதவை செய்தார். அதன் மேல் 32 பவுண்டு குண்டு போடும் பீரங்கி ஒன்றை ஏற்றினார். மாலுமிகள் அதற்கு 'லேடி நான்சி' என்று பெயர் வைத்தார்கள். அந்த மிதவை கரையோரம் வரை போய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்தியது. தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்ததால் எதிரிக்கு அதைக் குறிபார்ப்பதும் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பீப்பாய் மிதவையிலிருந்துதான் அவருடைய பெரிய யோசனை பிறந்தது. அதுவரை போர்க்கப்பலின் பீரங்கிகள் இரு பக்கமும் வரிசையாக நிற்கும். குறி மாற வேண்டுமென்றால் கப்பலையே திருப்ப வேண்டும். கப்பலை ஏன் திருப்ப வேண்டும், பீரங்கியைத் திருப்பினால் போதாதா என்று கேட்டார் கோல்ஸ். கனமான இரும்புக் கவசம் போட்ட வட்டக் கூண்டு, அதற்குள் பீரங்கி, கூண்டின் விளிம்புக்குக் கீழே உருளைகள். 1859-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் எரிக்சன் என்பவரும் ஏறக்குறைய இதே யோசனையோடு 'மானிட்டர்' கப்பலைக் கட்டி, 1862-இல் போருக்கே அனுப்பிவிட்டார். ஆனால் எரிக்சனின் கூண்டு நடுவில் ஒரு அச்சின் மேல் நின்றது. விளிம்பில் உருளும் கோல்ஸின் கூண்டு அதைவிட உறுதியானது. என்ஜின்காரனாக எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

பிறகு எங்கே பிசகியது? பாயில்தான்.

அன்றைய நீராவி என்ஜின்கள் நிலக்கரியை விழுங்கித் தள்ளும். தூரக் கடலுக்குப் போகிற கப்பல் என்றால் பாயும் வேண்டும். பாய் என்றால் உயரமான மரங்களும், நூற்றுக்கணக்கான கயிறுகளும். அத்தனையும் கூண்டு சுற்றுகிற வழியில் வந்து நிற்கும். இன்னொரு பக்கம், கூண்டு கனமானது. அதை உயரத்தில் வைத்தால் கப்பல் தலைகனத்துவிடும். ஆகவே தளம் தாழ்வாக இருக்க வேண்டும். தாழ்வான தளமும் உயரமான பாய்மரமும் ஒரே கப்பலில்.

கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் இதற்கு ஒரு சமரசம் கண்டார். அவர் வரைந்த 'மோனார்க்' கப்பலின் தளம் நீர்மட்டத்திலிருந்து 14 அடி உயரம். இது கூண்டுக் கப்பலே இல்லை என்று கோல்ஸ் கொதித்தார். பத்திரிகைகளுக்கு எழுதினார், நாடாளுமன்ற உறுப்பினர்களைத் திரட்டினார். 1866 ஜனவரியில் அவரை ஆலோசகர் பொறுப்பிலிருந்து நீக்கிய கடற்படை, சில வாரங்களில் திரும்ப அழைத்துக்கொண்டது. அதே ஆண்டில், சரி, உங்கள் கப்பலை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. வரைபடத்தைப் பார்த்த ரீட் 'ஏற்கப்பட்டது' என்ற சொல்லைப் போட மறுத்தார். 'ஆட்சேபம் இல்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டார். இந்த இடத்தில் எனக்கு ரீட் மேலும் வருத்தம் உண்டு. ஆட்சேபம் இருந்தது, அதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

'கேப்டன்' கப்பலை இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில், லேர்டு நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் கட்டினார்கள். கோல்ஸ் உடல்நலமில்லாமல் அடிக்கடி வர முடியாமல் போனார். உள்ளே போகிற எடையைக் கறாராகக் கணக்குப் பார்க்க ஆளில்லை. கட்டி முடித்தபோது 700 டன்னுக்கு மேல் கூடிப்போயிருந்தது. நீருக்கு மேல் 8 அடி நிற்க வேண்டிய தளம், ஆறரை அடி சொச்சத்தில் நின்றது.

ஒன்றரை அடிதானே என்று தோன்றலாம். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து உடம்பு கூடுதலாகத் தண்ணீரில் அமிழும். அப்படி அமிழ்கிற உடம்புதான் கப்பலைத் திரும்ப நிமிர்த்துகிறது. தளத்தின் விளிம்பே தண்ணீருக்குள் போய்விட்டால், மேற்கொண்டு அமிழ உடம்பு மிச்சமில்லை. 'கேப்டன்' 14 டிகிரி சாய்ந்தாலே விளிம்பு நீரைத் தொட்டுவிடும். அதுவரை கல்லுப்போல நிற்கும். முதல் பயணங்களில் அது நன்றாகவே ஓடியது, கூட வந்த அதிகாரிகளும் பாராட்டினார்கள். இந்த வகைக் கப்பலின் ஆபத்தே அதுதான்.

1870 ஜூலை கடைசியில் போர்ட்ஸ்மவுத்தில் அதைச் சாய்த்துச் சோதனை செய்தார்கள். கணக்குப் போட்டதில், நிமிரும் வலு 21 டிகிரியில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைந்துகொண்டே போகும் என்று வந்தது. 'மோனார்க்'குக்கு அந்த உச்சம் ஏறத்தாழ 40 டிகிரி. கணக்கு முடிந்தபோது கப்பல் கடலில் இருந்தது.

எங்கள் காலத்தில் சரக்கு ஏற்றி முடித்ததும் சீஃப் ஆபீசர் ஜி.எம். கணக்கை, அதாவது சாய்ந்தால் கப்பல் எவ்வளவு வலுவாக நிமிரும் என்று காட்டும் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் கயிற்றை அவிழ்க்கமாட்டோம். அந்தத் தாள் 'கேப்டன்' கப்பலில் யார் கையிலும் இல்லை.

செப்டம்பர் 6, ஃபினிஸ்டருக்கு அப்பால், 11 கப்பல்கள். படைத் தலைவர் அட்மிரல் மில்ன் 'கேப்டன்' மீது வந்து பார்த்தார். சாய்ந்த பக்கத்துத் தளத்தின் மேல் அலை புரண்டுகொண்டிருந்தது. கோல்ஸும் கப்பலின் தலைவர் பர்கோயினும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இரவு இங்கேயே தங்குங்கள் என்றார்கள். மில்ன் தங்காமல் தன் கப்பலுக்குத் திரும்பினார்.

நள்ளிரவு தாண்டிப் புயல் வலுத்தது. சாய்வு 18 டிகிரியைத் தொட்டதும் பாய்க் கயிறுகளைத் தளர்த்தச் சொன்னார் பர்கோயின். கயிற்றுக்குக் கை போவதற்குள் கப்பல் கவிழ்ந்துவிட்டது. கிட்டத்தட்ட 480 பேர் போனார்கள். பீரங்கிகளுக்குப் பொறுப்பான கன்னர் ஜேம்ஸ் மே உட்பட 18 பேர் ஒரு படகில் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள். பர்கோயின் அசோவ் கடலில் காட்டிய வீரத்துக்காக, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை வாங்கியவர். கவிழ்ந்த படகு ஒன்றைப் பற்றியிருந்தவர், தப்பியவர்களின் படகுக்கு வந்து சேரவில்லை. கடற்படை அமைச்சர் சில்டர்ஸ் தன் மகனை 'மோனார்க்'கிலிருந்து இந்தக் கப்பலுக்கு மாற்றியிருந்தார். அந்தப் பையனும் போனான். இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த நார்த்புரூக் பிரபுவின் மகன் ஒருவரும் அந்த இரவில்தான் இறந்தார். கோல்ஸ் கிடைக்கவில்லை. அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

வல்லுநர்களின் கருத்துக்கு எதிராக, பொதுமக்கள் கருத்துக்கு இணங்கிக் கட்டப்பட்ட கப்பல் இது என்று இராணுவ நீதிமன்றம் பதிவு செய்தது. அது சரிதான். ஆனாலும் கோல்ஸை ஆணவக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தன் கணக்கை நம்பி அதற்குள்ளேயே படுத்து உறங்கப் போனவர் அவர். அவரை நம்பி உறங்கப் போன மற்றவர்களை நினைக்கும்போதுதான் நெஞ்சு கனக்கிறது.

மறு ஆண்டு ஜூலையில் ரீட் வரைந்த 'டெவஸ்டேஷன்' கப்பல் நீரில் இறங்கியது. தாழ்வான தளம். முன்னால் ஒரு சுழல் கூண்டு, பின்னால் ஒரு சுழல் கூண்டு. பாய்மரம் இல்லை.

வணக்கம்.