துளை சின்னது, உள்ளே வேலை பெரிது

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கர்ப்பப்பை எடுத்த ஆச்சிமார் என்னிடம் முதலில் காட்டுவது தழும்பைத்தான். "நாலே துளை டாக்டரம்மா, மறுநாளே வீட்டுக்கு வந்துட்டேன்!" சரி, தோலில் நாலு துளைதான். உள்ளே நடந்தது என்னவோ வயிற்றைத் திறந்து செய்யும் அதே பெரிய ஆபரேஷன்.

ஒரு ஆச்சி பத்தாம் நாள் வந்தார். வைத்தியத்துக்கு இல்லை, வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடுவது), தான் கலந்துகொள்ளலாமா என்று கேட்க. "ஏன் ஆச்சி, கூடாதா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "நாலு நாளா சேலை நனையுது" என்றார். இருமினாலோ சிரித்தாலோ அல்ல, படுத்திருந்தாலும் நனைகிறதாம். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

நம் வளவு முற்றத்து மழைநீர் எங்கே போகிறது? தளத்துக்கு அடியில் ஓடும் வடிகாலில். மேலே தளம் பெயர்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு அடியிலும் அப்படித்தான் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாய் ஓடுகிறது, கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தள்ளி. ரத்தம் வராமலிருக்க மின்சூட்டால் பொசுக்கும்போது அந்தச் சூடு பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பட்ட இடம் மெல்லச் செத்து, பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் வாக்கில்தான் ஒழுகும். ஆச்சிக்கு அதுதான். மதுரைக்கு அனுப்பினோம், குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்தித் தைத்தார்கள். படைப்புக்குத்தான் போக முடியவில்லை, அதில் அவருக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

இது அபூர்வம்தான். ஆனால் நனைந்தால் சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நனைந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தோள்பட்டை வலிக்குப் பயப்பட வேண்டாம். வயிற்றை உப்பவைக்க அடைத்த கார்பன் டை ஆக்சைடு செய்கிற வேலை அது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். வயிற்றுவலி வேறு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போய், வாந்தி, காய்ச்சல், வயிற்று உப்புசம் சேர்ந்தால் குடலில் காயம் பட்டிருக்கலாம். 'வாயுத் தொல்லை' என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். அப்புறம், பிறப்புறுப்புப் பாதையின் உள்ளே, மேல்முனையிலும் ஒரு தையல் உண்டு; அது பிரியாமலிருக்க 6 முதல் 8 வாரம் தண்ணீர்க்குடம் தூக்க வேண்டாம், தாம்பத்தியம் வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.