கையுறைக்கு அசையாத திரை

(சென்னையில் பிரசவ வார்டு செவிலியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தங்கைகளே, பிரசவ அறைக்குப் பதிவு எழுத டேப்லெட் கணினி வருகிறது என்று அறிவித்ததும் பின்வரிசையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அது எனக்குப் புரிந்த பெருமூச்சு.

கர்ப்பிணியைக் கணினியில் பதிவதற்கு நாம் புதியவர்கள் அல்லர். கர்ப்பிணிகளுக்கு எண் கொடுத்துப் பதியும் தமிழக அரசின் பிக்மி இணையதளம் பழகிவிட்டது. திருவல்லிக்கேணியில் பதிந்தவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாலும் எண் கூடவே போகிறது. நான் பேச வந்தது வலி எடுத்த பிறகு நடப்பதைப் பற்றி.

அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, பிரசவம் முன்னேறுவதைக் குறிக்கும் கட்டத்தாளான பார்ட்டோகிராஃபில் குறிக்க வேண்டும். ஒரு நர்ஸ், நான்கு கட்டில் என்றால் மணிக்கு எட்டு முறை. நடக்கிற காரியமா? குழந்தை பிறந்து, கை கழுவி உட்கார்ந்த பிறகு, எல்லாக் கட்டங்களையும் ஒரே பேனாவில் நிரப்புவோம். 140, 142, 140. நானும் நிரப்பியிருக்கிறேன். எந்தக் குழந்தையின் இதயமும் அவ்வளவு சமர்த்தாகத் துடித்ததில்லை!

காகிதம் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. டேப்லெட் பதிந்த நேரத்தையும் சேர்த்துப் போட்டுவிடும். மேடையிலிருக்கும் அதிகாரிகளே, அந்த நேரத்தைப் பார்த்து மெமோ கொடுத்தால், கட்டிலருகே போகாமலே மணி தவறாமல் ஓர் எண்ணைத் தட்டிவிடப் பழகிக்கொள்வோம். 'தாமதமாகப் பதிந்தது' என்று ஒரு பொத்தான் வையுங்கள். எந்த இரவில் எத்தனை முறை அது அழுத்தப்பட்டது என்று பார்த்தால், எங்கே ஆள் பற்றவில்லை என்பது தெரியும்.

வாங்கும் முன் ஈரக் கையுறையோடு திரையைத் தட்டிப் பாருங்கள். டேப்லெட் வந்த பிறகும் அதே விவரத்தைப் பழைய ரெஜிஸ்டரிலும் எழுதச் சொல்லாதீர்கள்.

ரத்த அழுத்தம் 160/110 என்று பதிந்தால் திரை சிவக்குமாம். சிவக்கட்டும். அந்த நேரத்தில் வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட் அலமாரியில் இருக்கிறதா, டூட்டி டாக்டர் எழுந்து வருகிறாரா?

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைப் பற்றி 2023-இல் வெளியான ஓர் ஆய்வு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள். தாய்க்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ரத்தம் கோட்டைத் தொட்டதும் கருப்பையைத் தேய்ப்பது, மருந்து, டிரிப் எல்லாம் ஒருசேரத் தொடங்கும். கடும் ரத்தப்போக்கு உள்ளிட்ட விபரீதங்கள் 60 சதவீதம் குறைந்தன. அந்த விரிப்புக்குச் சார்ஜர் வேண்டாம்.

டேப்லெட் வாங்கும் பட்டியலில் அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். இனி கேள்விகளைக் கேளுங்கள். பெருமூச்சு விட்டவர் முதலில் எழுந்திருக்கட்டும்.