காணாமல் போன ரயிலை முதலில் போடுங்கள்

நம் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நகரம் கட்டும் கணினி விளையாட்டான சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் போர்ட் லூயிஸ் முதல் கியூர்பிப் வரை வரைபடம் போட்டேன். சாலைகள் அச்சு அசல். ஆனால் மெட்ரோவில் ஆளே ஏறவில்லை. வரைபடத்தைச் சுருக்க வேண்டுமா?" கேள்வி வந்த நாள் முதல் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் ஊரைத்தான் அளக்கிறேன், தம்பி.

சுருக்கத்தான் வேண்டும். விளையாட்டில் நிலம் 25 கட்டங்களாக இருக்கிறது; அத்தனையையும் திறந்தாலும் ஒரு பக்கம் 9.6 கிலோமீட்டர்தான். ஆனால் நீளத்தைப் பாதியாக்கினால் உயரத்தையும் பாதியாக்குங்கள். கியூர்பிப் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெட்ரோ அங்கே ஏற ஏறக்குறைய 26 கிலோமீட்டர் எடுத்துக்கொள்கிறது. நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏற்றம். என் முதல் வரைபடத்தில் உயரத்தைத் தொடாமல் விட்டேன். ரயில் மலைக்கோவில் படி ஏறுவதுபோல் ஏறியது. நம் ஊர்ச் சாலைகளைப்போல் இடதுபக்கப் போக்குவரத்தைத் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

ஆள் ஏறாததற்குக் காரணம் வேறு. இன்றைய சாலைகளை முதலில் போட்டுவிட்டீர்கள். போர்ட் லூயிஸில் நான் பேசியபோது சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன்: காணாமல் போன ரயிலை முதலில் போடுங்கள். 1865இல் ரயில் மேட்டு நிலத்துக்கு ஏறியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மலேரியா போர்ட் லூயிஸை வாட்டியெடுத்தது. வசதியுள்ளவர்கள் குளிர்ந்த மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேலைக்கு ரயிலில் இறங்கி வந்தார்கள். நிலையங்களைச் சுற்றி ஊர்கள் பருத்தன. 1956இல் பயணிகள் ரயில் நின்றது, 1964இல் சரக்கு ரயிலும். என் பாட்டி பஸ் நிலையத்தைக் கடைசிவரை 'லா கார்' என்றுதான் சொன்னார். ரயில் நிலையம் என்று பொருள். நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? ரயில் போனாலும் கூட்டம் அந்த இடத்தை விடவில்லை. 2019இல் வந்த மெட்ரோவும் பெரும்பாலும் அந்தப் பழைய தடத்தையே பிடித்துக்கொண்டது.

ஆகவே தடம், நிலையம், சந்தை, வீடு. அதற்குப் பிறகுதான் சாலை. ஊர் வளர்ந்ததும் தடத்தைப் பிடுங்கிவிட்டுப் பஸ் விடுங்கள். மெட்ரோ கடைசியில் வரட்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: காவடியன்று என்ன செய்வது? தைப்பூசத்துக்கு கோர் தெ கார்ட் மலையடியில் சேரும் கூட்டத்தை விளையாட்டு தானாக உண்டாக்காது. நான் அந்த மலைக்குப் பக்கத்து ஊரான கத்ர் போர்ன் ஓரத்தில் ஒரு பூங்காவை வைத்து, முருகன் கோவில் என்று பெயரிட்டு, வாசலில் ஒரே ஒரு பஸ் நிறுத்தம் போட்டேன். சிறிது நேரத்தில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர் எல்லை வரை நின்றுவிட்டன. அந்த வரைபடத்தில் எத்தனையோ திருத்தங்கள் செய்தேன். அதை மட்டும் தொடவில்லை.