முள்ளெலியும் வயலெலியும்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து இந்த மைக்கை மூன்று முறை சரிசெய்த நூலகர் தம்பி அவர்களே, சுண்டல் அவித்துக்கொண்டிருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் என் வயதைக் கருதி மன்னித்துவிடுங்கள்.

கடல் முள்ளெலியும் கெல்ப் காடும் என்று தலைப்புக் கொடுத்தார்கள். மூன்று செய்தி சொல்கிறேன். ஒன்று, கெல்ப் என்ற கடல்பாசிக் காட்டை முள்ளெலி தின்ற கதை. இரண்டு, அந்த முள்ளெலியை வைத்து நடக்கும் வியாபாரம். மூன்று, கடல் சூடாவது. அதற்கு முன் என் பாட்டி சொல்லும் பழமொழி: எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம். மனதில் வையுங்கள், திரும்ப வரும்.

கடல் முள்ளெலி ஓடுகிற பிராணி அல்ல. ஆரஞ்சுப் பழம் மாதிரி ஓர் ஓட்டு உருண்டை, சுற்றிலும் முள். வாய் அடிப்பக்கம். அதில் ஐந்து பல் கொண்ட தாடை. அதற்கு அரிஸ்டாட்டில் விளக்கு என்று பெயர்.

இந்த விளக்கால் ஒரு கூத்து நடந்தது. நான் கல்லூரியில் இருந்தபோது செய்முறைத் தேர்வு. வெளித்தேர்வாளர் கண்டிப்பான மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு பையன் முன்னால் தாடையை வைத்து, "இது என்ன?" என்றார். "அரிஸ்டாட்டில் விளக்குங்கய்யா." சரி. "ஏன் அந்தப் பெயர்?" பையன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் தைரியமாகச் சொன்னான்: "கடலுக்கடியில ஒரே இருட்டுங்கய்யா. அரிஸ்டாட்டில் இறங்குறப்ப கையில விளக்கு எடுத்துட்டுப் போனாருங்க." தேர்வாளர் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. மூக்குக் கண்ணாடி நழுவி ஃபார்மலின் தட்டில் விழுந்தது. பையன் இடுக்கியால் அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்து, "வேற கேள்வி கேளுங்கய்யா" என்றான். தேர்ச்சி பெற்றான். பெயர் சொல்ல மாட்டேன். இன்று இந்த மேடையில் நடு நாற்காலியில் மாலையோடு அமர்ந்திருக்கிறார்!

சரி, காட்டுக்கு வருவோம். கெல்ப் குளிர்ந்த கடலில் வளரும் பெரிய பாசி. ராட்சத கெல்ப் ஒரே நாளில் அரை மீட்டர்கூட வளரும். ஆனால் வேர் கிடையாது. பாறையைக் கவ்விப் பிடிக்கும் அடிக்கட்டு மட்டும்தான். முள்ளெலி அந்த அடியைக் கடித்தால் போதும், பனைமர உயரப் பாசி அறுபட்டு மிதந்து போய்விடும்.

முள்ளெலியை அடக்கி வைத்தது யார்? அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் கடல் நீர்நாய். தன் எடையில் கால் பங்கு அளவு தினமும் தின்னும். 1741-இல் பெரிங் என்ற கடலோடி அந்தப் பக்கம் பயணம் போன பிறகு ரோமத்துக்காக அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். வேட்டையைத் தடுக்கும் 1911 ஒப்பந்தம் வந்தபோது ஒன்றிரண்டாயிரம்தான் மிச்சம். 1974-இல் ஜேம்ஸ் எஸ்டெஸ், ஜான் பால்மிசானோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டு எழுதினார்கள்: நீர்நாய் திரும்பி வந்த தீவுகளில் கெல்ப் காடு, வராத இடத்தில் முள்ளெலி மேய்ந்த மொட்டைப் பாறை. நீர்நாய் இருந்த அந்தக் கூட்டத்துக்குப் பெயரே எலித் தீவுகள். நான் வைத்ததல்ல!

வடக்குக் கலிஃபோர்னியாவில் நீர்நாய் திரும்பவே இல்லை. அங்கே காவல் காத்தது சூரியகாந்தி நட்சத்திரமீன், இருபதுக்கு மேல் கைகள், ஒரு மீட்டர் அகலம். 2013-இல் நோய் வந்து அது கரைந்தே போனது. விப்ரியோ வகைப் பாக்டீரியாதான் காரணம் என்று 2025-இல்தான் கண்டுபிடித்தார்கள். கூடவே 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை. ஊதா முள்ளெலி பெருகியது. கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் போனது. தீனியில்லாமல் அபலோன் என்ற கடல் நத்தைகள் செத்து, 2018-இல் அவற்றைப் பிடிப்பதையே நிறுத்தினார்கள்.

வியாபாரம் என்றேனே, முள்ளெலிக்குள் ஐந்து மஞ்சள் சுளை இருக்கும். ஜப்பானியர் உனி என்று விரும்பிச் சாப்பிடுவார்கள். அங்கே சிவப்பு முள்ளெலி என்ற இன்னொரு வகையை மூழ்கி எடுக்கிறவர்களுக்கு அதுதான் பிழைப்பு. பாசி போனதும் ஓட்டுக்குள் சுளை இல்லை. ஆனால் முள்ளெலி சாகாது. பட்டினியாகவே வருஷக்கணக்கில் கிடக்கும். அதே ஆட்கள் பிறகு வடக்குக் கலிஃபோர்னியாவில் 'நோயோ' என்ற பெயருள்ள விரிகுடாவில் ஊதா முள்ளெலியைக் கையால் பொறுக்கி எடுத்தார்கள். முதுகு ஒடியும் வேலை. ஒரு காலத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் முள்ளெலியைக் கொல்லச் சுட்ட சுண்ணாம்பையே கடலில் கொட்டினார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம்!

நாம் மட்டும் என்ன? சம்பா கதிர் வாங்கும்போது வயலில் எலி. உடனே மருந்து. மருந்து தின்ற எலியைக் கூகை தூக்கிப் போகிறது, கூகை சாகிறது. வரப்பில் சாரை போனால் நாலு பேர் தடியோடு ஓடுகிறோம். போன மாதம் எங்கள் தெருவில் அடித்த சாரையின் வயிற்றுக்குள் மூன்று எலி இருந்தது. நான் எண்ணினேன். நமக்கு நீர்நாயும் சாரைதான், நட்சத்திரமீனும் சாரைதான். இதைப் பதினோரு வருஷமாகச் சொல்லி வருகிறேன். என்னைச் சாரை வாத்தியார் என்றே கூப்பிடுகிறார்கள், சந்தோஷம்.

கடல் சூடாவதைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைத் தட்டுகிறார். வாசலில் மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. சாரையை அடிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சுண்டலுக்குப் போங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று முன் வரிசை அம்மா கேட்கிறார்கள். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் தள்ளி நில்லுங்கள் தாயி, அதுவே போய்விடும்.