காப்புக்குக் கட்டும் பூளைப்பூ

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தைப்பொங்கலுக்கு முந்தைய நாள் மாலையில், கொங்கு நாட்டு ஊர்களில் வீட்டு வாசல், மாட்டுக் கட்டுத்தரை, கிணற்றுமேடு, தோட்டத்து மூலை என ஓரிடம் விடாமல் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் காப்புக் கட்டுகிறோம். வேம்பும் ஆவாரையும் மருந்து என்பதை எல்லோரும் அறிவோம். பூளைப்பூவை மட்டும் காப்போடு நிறுத்திக்கொண்டோம். சித்த மருத்துவர்கள் சிறுபீளை என்றும் சிறுகண்பீளை என்றும் குறிப்பிடும் இச்செடி, சிறுநீர்க் கோளாறுகளுக்குத் தொன்றுதொட்டு வழங்கிவரும் மூலிகையாகும்.

மழை முடிந்த மார்கழியில் வேலியோரத்திலும் தரிசு நிலத்திலும் தானாக முளைத்துப் படர்ந்திருக்கும். தண்டிலும் இலையிலும் மெல்லிய வெண்மயிர் இருக்கும். இலைக் கணுக்களில் சிறுசிறு வெண்ணிறப் பூங்கதிர்கள் நெருங்கிப் பூத்திருக்கும். இதன் உறவான பெரும்பீளை உயர்ந்து வளர்ந்து, கிளை நுனியில் நீண்ட கதிர் விடுவது. இரண்டையும் மாற்றிப் பறித்துவிடக் கூடாது.

நீர்க்கடுப்பு, நீரடைப்பு, கல்லடைப்பு ஆகிய மூன்றுக்கும் வேர் முதல் பூ வரை முழுச்செடியையும் பயன்படுத்துவது மரபு. ஒரு கைப்பிடிச் செடியை மண் போகக் கழுவி, நறுக்கி, நான்கு டம்ளர் நீரில் இட்டு ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டிக் குடிப்பார்கள். மருத்துவர்கள் நோயின் தன்மை அறிந்து நெருஞ்சில், மாவிலங்கப் பட்டை ஆகியவற்றையும் சேர்ப்பதுண்டு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால், கேரளத்தார் இதே செடியைச் செறூளை என்று அழைத்து, தசபுஷ்பம் எனப்படும் பத்து மூலிகைகளுள் ஒன்றாகப் போற்றுகிறார்கள்.

நம் பகுதிக்கு இம்மூலிகை மிகவும் வேண்டியது என்பது என் எண்ணம். கோடை வெயிலில் காட்டுவேலை செய்பவர்களும், விசைத்தறிக் கூடத்தின் புழுக்கத்தில் நாள் முழுவதும் நிற்பவர்களும், வியர்வையில் இழக்கும் நீரை ஈடுகட்டும் அளவுக்குக் குடிப்பதில்லை. சிறுநீர் அடர்ந்துபோகும்போதுதான் அதிலுள்ள உப்புகள் படிந்து கல்லாகின்றன. ஆகவே, தண்ணீர் குடிக்காமல் கஷாயத்தை மட்டும் நம்புவதில் பயனில்லை. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சிறு கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். அத்தகைய நிலையில் இக்குடிநீர் துணை நிற்கும் என்பதே மரபின் நம்பிக்கை. வலியோடு குளிர்காய்ச்சல் கண்டாலும், சிறுநீர் அடியோடு நின்றாலும், இரத்தம் கலந்து போனாலும், வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளைக்கூடக் கழிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்ற பெண்களும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களும், சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்திற்கோ மாத்திரை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைக் குடிக்கவே கூடாது.

காப்புக்காகச் சந்தையில் வாங்கும் கட்டு எங்கே பறிக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. அதை மருந்துக்கு எடுக்க வேண்டாம். சாக்கடை ஓரத்திலும் களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் வளர்ந்ததை ஒதுக்கிவிட்டு, உங்கள் தோட்டத்து வேலியோரச் செடிகளில் சிலவற்றை விதை உதிர விட்டு, மற்றவற்றை வேரோடு எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரம் படாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.