இயேசு வெள்ளையோ கறுப்போ எண்டு என்ர கொமெண்டில ஏன் அடிபடுறியள்?

வணக்கம் மக்களே! இண்டைக்குத் தோட்டமும் இல்லை, குளத்து மீனும் இல்லை. மடு மாதா கோயில் வீடியோவுக்குக் கீழ நீங்கள் பிடிச்ச சண்டையில விசர் வந்துதான் கமராவைத் தூக்கினனான். "இயேசு வெள்ளை", "இல்லை கறுப்பு", "இதுதான் உண்மை முகம்" எண்டு படம் வேற!

அந்த "உண்மை முகம்" 2001இல பிபிசிக்காக மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் நீவ் செய்தது. இயேசுவின்ர மண்டையோடு இல்லை மக்களே, முதலாம் நூற்றாண்டு யூதர் ஒராளின்ர. அந்த மண்டையோட்டை ஸ்கான் பண்ணி, அச்செடுத்து, எந்த இடத்தில சதை எவ்வளவு தடிப்போ அந்த உயரத்துக்குக் குச்சி நட்டு, அந்த உயரம் வரைக்கும் களிமண் அப்புறது. தாடை, கன்னம், கண்குழி எலும்பில தெரியும். சொண்டும் காதும் அரைவாசி ஊகம். தோல் நிறமும் தலைமயிரும் ஓட்டில எழுதிக் கிடக்கேல்லை, பழைய ஓவியங்களைப் பாத்துப் போட்டது. நீங்கள் குத்துப்படுறது சரியா அந்த நிறத்துக்கு!

ஆ, ஒண்டை விட்டுட்டன். சிரியாவில தூரா யூரோப்பொஸ் எண்ட பழைய ஊரில கண்டெடுத்த 3ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் இருக்கு. அதில இயேசுவுக்குத் தாடியே இல்லை, மயிரும் கட்டை. தாடி, நீட்டு மயிர் எல்லாம் 4ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் ஊண்டினது. எல்லாரும் பகிர்ற அந்தப் பக்கம் திரும்பின முகம், அமெரிக்கர் வார்னர் சால்மன் 1940இல வரைஞ்சது.

இனி விலைக் கதை. சுருவக் கடையில ரோஸ் நிற இயேசு, ரெண்டடி, 14,000. அதே அச்சில மண்ணிறம் கேட்டால் 17,500! "அது ஓடர் தம்பி" எண்டுறார். மூவாயிரத்து ஐந்நூறு எதுக்கு? ரோசுக்கு வெள்ளையில கொஞ்சச் சிவப்பு, மஞ்சள். மண்ணிறத்துக்குக் காவி, மஞ்சள், கொஞ்ச வெள்ளை. அதே பெயின்ட், அதே தூரிகை! நீங்களே அடிக்கிறதெண்டால் இருட்டாக்கக் கறுப்பு விடாதேங்கோ. மஞ்சளோட சேந்து பச்சையடிச்சு முகம் பிரேதக் களை காட்டும். கடுங்காவி போடுங்கோ. பிளாஸ்டர் உள்ளால காயமுன்னம் அடிச்சியளோ, பெயின்ட் பொக்களிச்சு உரியும். மூவாயிரத்து ஐந்நூறாம்!

சரி, அதே கொமெண்டில புத்தரைப் பற்றி அடிபடுற கோஷ்டி. புத்தர் சிலையில சுருள் மயிர், ஆனபடியால் அவர் ஆபிரிக்கராம். புத்தர் போய் நாலைஞ்சு நூற்றாண்டுக்குப் பிறகுதான் அவருக்கு மனிச உருவில சிலை வருது. அதுக்கு முன்னம் பாதம், சக்கரம், போதிமரம், வெறும் ஆசனம். இண்டைய பாகிஸ்தான் பக்கத்துக் காந்தாரத்தான் கிரேக்கப் பாணியில அலைமயிர் வச்சான், வட இந்திய மதுராக்காரன் உள்ளூர் இயக்கர் எண்ட காவல் தெய்வச் சிலையின்ர சாயலில செதுக்கினான். துறவு பூண வாளால வெட்டின மயிர் ரெண்டு விரலளவில வலப்பக்கம் சுருண்டு நிண்டது எண்ட கதைதான் அந்தச் சுருள். பொன்மேனியும் மகாபுருஷருக்குச் சொல்ற 32 லட்சணத்தில ஒண்டு, ஆள் பாத்து எழுதினதில்லை.

பௌத்த சூத்திர நூல்களிலேயே பிராமணர் அவரை "மொட்டை" எண்டு ஏசுகினம். மொட்டைக்குச் சுருள் எங்கையிருந்து வந்தது எண்டு அந்த ஆபிரிக்கக் கொமெண்ட்காரர் சொல்லட்டும், பின் பண்ணி விடுறன்.