குதிருக்குள் பாடிய ரேடியோ

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி ஓடுகிறது, நேரே வருகிறேன்.

ஒலிபரப்பின் மீது அரசின் பிடி நாட்டைக் காத்ததா, வாயைக் கட்டியதா? கட்டியது என்பது எங்கள் அணி. எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார்: "கட்டுப்பாடு கூடாது என்கிறாரே, இவர் வீட்டில் டிவி ரிமோட் யார் கையில்?" நீங்கள் தட்டிய தட்டில் பந்தலே ஆடியது.

என் மனைவி கையில்தான் தம்பி! ஆனால் அவர் ஒன்பதரைக்குக் கண்ணசந்துவிடுவார், நான் மெல்ல உருவிக்கொள்வேன். அரசாங்கம் கண்ணசந்ததா? கிரிக்கெட் மேட்சை யார் காட்டுவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. இன்றைக்கும் தனியார் எஃப்எம்மில் பாட்டு உண்டு, ஜோக் உண்டு, சொந்தமாகச் சேகரித்த செய்தி கிடையாது. என் மனைவி அவ்வளவு கண்டிப்பு இல்லை.

ரிமோட்டுக்கு முந்திய கதை ஒன்று. ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும், ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். 1980களின் நடுப்பகுதி வரை இந்தக் கூத்து நடந்தது. என் தாத்தா டிரான்சிஸ்டர் வாங்கினார், லைசென்ஸை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். ஒருநாள் சோதனைக்காரர் வந்துவிட்டார். பாட்டி ரேடியோவைத் தூக்கி நெல் குதிருக்குள் போட்டார். போட்டவர் அதை நிறுத்தவில்லை!

வந்தவர் திண்ணையில் தண்ணீர் குடிக்கிறார். குதிர் பாடுகிறது.

"என்னம்மா சத்தம்?"

"எலிங்க."

"எலி பாடுமா?"

"எங்க ஊர் எலி பாடுங்க."

அதற்குள் எட்டு வயதுப் பையன் ஓடி வந்தான்: "சார், எங்க ரேடியோ குதிருக்குள்ள இல்ல சார்!" பழமொழியை நீங்கள் படித்திருப்பீர்கள், எங்கள் குடும்பம் நடத்தியே காட்டியது. இருங்கள், இன்னும் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் எலி, "இலங்கை வானொலி" என்று விலாசம் வேறு சொன்னதாம்.

சரி, நம்மூர் எலிக்கு ஏன் இலங்கைப் பாட்டு? 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது வற்றியது. ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. ஆர்மோனியம் என்ன பாவம் செய்தது? அதற்கும் 1940 முதல் சுமார் முப்பது ஆண்டு வானொலியில் தடை.

நாளைக்கு? 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஒலிபரப்பு வரைவு மசோதா ஓடிடியையும் சேர்த்துப் பிடித்தது. எதிர்ப்புக்குப் பின், 2024 ஆகஸ்டில், புதிதாக எழுதுகிறோம் என்றார்கள். எழுதி வந்தால் செல்போனை எந்தக் குதிருக்குள் போடுவது?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே நிமிஷம் நடுவர் அவர்களே.

அந்தப் பையன் என் அப்பா. தீபாவளிக்கென்று பாட்டி முடிந்து வைத்திருந்த காசுதான் அபராதமாகப் போனது. அப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. அந்த டிரான்சிஸ்டரைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: "அந்தத் தீபாவளிக்கு எனக்குச் சட்டை இல்லடா. அம்மா ராத்திரி முழுக்கப் பாட்டு வெச்சா."